எந்தப் பேனாவால் எழுதுகிறேனோ, அந்தப் பேனா

சென்னை ஆழ்வார்பேட்டையில் கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கிறது ரஷ்யப் பண்பாட்டு மையம். அங்கேதான் நான் ரஷ்ய மொழி கற்றுக்கொண்டேன். சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் ஆசிரியை பலகையில் ஒரு சின்ன ஆங்கில வாக்கியத்தை எழுதி, ரஷ்ய மொழியில் சொல்லச் சொன்னார். 'தி பென் ஐ ரைட் வித்.' நான் எழுதுகிற பேனா. அவ்வளவுதான்.

'பேனா' என்பதற்கு ரூச்கா. 'விட்ச்' என்பதற்குக் கத்தோரிய். 'வித்' என்பதற்கு ஸ். மூன்றும் எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் கடைசியில் தொங்கும் 'வித்'தை ரஷ்ய மொழியில் அப்படித் தொங்கவிட முடியாது, முன்னால் கொண்டுவர வேண்டும் என்பதும் தெரியும். அதனால் தைரியமாகச் சொன்னேன்: 'ரூச்கா, ஸ் கத்தோரய் யா பிஷூ.'

ஆசிரியை பொறுமையாக விளக்கினார். இந்த வாக்கியத்தைக் கேட்கும் ரஷ்யருக்குப் பேனா ஒரு துணையாள் மாதிரி தோன்றும். நான் பேனாவோடு கூட உட்கார்ந்து எழுதுகிறேன் என்று பொருள் வந்துவிடும். பேனாவால் எழுதுவதற்கு 'ஸ்' வேண்டாம். 'ரூச்கா, கத்தோரய் யா பிஷூ.' வேற்றுமை உருபே போதும்.

அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பேனாவால், பேனாவோடு. நம் இலக்கணத்தில் 'ஆல்', 'ஓடு' இரண்டுமே மூன்றாம் வேற்றுமை. ஒன்று கருவி, இன்னொன்று உடனிகழ்ச்சி. ரஷ்ய மொழியிலும் இரண்டுக்கும் ஒரே வேற்றுமைதான், அவர்கள் வரிசையில் அது ஐந்தாவது. உடனிகழ்ச்சி என்றால் மட்டும் முன்னால் ஒரு 'ஸ்' சேரும். அதாவது நான் தடுமாறிய இடம் எனக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்த இடம். ஆங்கிலத்தின் 'வித்' இரண்டையும் ஒரே சொல்லில் கலந்து வைத்திருக்கிறது. நான் அதன் வழியாகப் போனதால் வழி தவறியது. தமிழ் வழியாகப் போயிருந்தால் தவறியிருக்காது.

இப்போது பதினைந்து ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்கு மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் மருந்துத் துண்டுச்சீட்டுகள், இயந்திரக் கையேடுகள், ஒப்பந்தங்கள். ஆங்கிலத்தில் 'ஹூ', 'விட்ச்', 'தட்' வரும் தொடர்கள் ஒரு பக்கத்துக்குப் பத்தாவது வரும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடமும் அதுதான். அதனால் இந்த ஒரு விஷயத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

முதலில் இந்தக் கத்தோரிய் என்ற சொல் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். அது புகுந்த வீட்டுக்குப் போன பெண் மாதிரி. பாலும் எண்ணும் பிறந்த வீட்டிலிருந்து வரும், வேற்றுமை புகுந்த வீட்டிலிருந்து வரும். 'நான் வாங்கிய புத்தகம்' என்று எடுத்துக்கொள்ளுங்கள். க்னீகா என்றால் புத்தகம், ரஷ்ய மொழியில் பெண்பால். அதனால் கத்தோரியும் பெண்பால் ஆக வேண்டும். ஆனால் 'புத்தகத்தை வாங்கினேன்' என்று உள் வாக்கியம் இருப்பதால் அது இரண்டாம் வேற்றுமையும் ஏற்க வேண்டும் (இனி வேற்றுமை எண்களை நம் வரிசைப்படியே சொல்கிறேன்). ஆகவே 'க்னீகா, கத்தோருயு யா குபீல்'. வெளியே அந்தப் புத்தகம் மேசையில் இருக்கலாம், பையிலிருந்து விழலாம், யாருக்காவது பிடித்துப்போகலாம். வெளி வாக்கியத்தில் க்னீகாவுக்கு எந்த வேற்றுமை வந்தாலும் உள்ளே கத்தோருயு மாறாது. புதியவர்கள் பெரும்பாலும் வெளி வேற்றுமையை உள்ளேயும் ஒட்டிவிடுவார்கள். அது தவறு.

ஆக, ஒவ்வொரு தொடரிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தப் பெயர் உள் வாக்கியத்துக்குள் என்ன வேலை பார்க்கிறது?

ஆங்கிலம் அதற்குப் பாதி பதில் தரும். 'வித்', 'டு', 'ஃப்ரம்' என்று ஏதாவது ஒன்று வாக்கியத்தின் வாலில் கிடக்கும். நம் பெயரெச்சம் பதிலே தராது, அந்த வேலையை விழுங்கிவிடும். 'நான் எழுதிய கடிதம்', 'நான் எழுதிய பேனா', 'நான் எழுதிய மேசை', 'நான் எழுதிய நாள்'. நான்கிலும் 'எழுதிய' ஒன்றுதான். முதலாவதில் கடிதத்தை எழுதினேன், இரண்டாவதில் பேனாவால், மூன்றாவதில் மேசையில், நான்காவதில் அந்த நாளில். நமக்கு எந்தக் குழப்பமும் இல்லை, பொருள் தெரிந்த மனசு உருபைத் தானாகப் போட்டுக்கொள்கிறது. தொல்காப்பியமே இதைச் சொல்லியிருக்கிறது. நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறுக்கும் 'செய்யும்', 'செய்த' என்னும் சொற்கள் ஒரே மாதிரி உரிமை உடையவை என்கிறது அந்த நூற்பா. எத்தனை சிக்கனம்! ஆறு உறவுக்கு ஒரே வடிவம். பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது இதன் அழகு எனக்குப் புரியவில்லை. ரஷ்ய மொழி கற்ற பிறகுதான் புரிந்தது, ஏனென்றால் ரஷ்ய மொழி அந்த ஆறையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது.

அப்படியென்றால் தமிழர்களுக்கு இது கூடுதல் கஷ்டமா? நான் அப்படி நினைக்கவில்லை. தமிழில் இன்னொரு கட்டும் இருக்கிறது. 'எந்தப் பேனாவால் எழுதுகிறேனோ, அந்தப் பேனா.' பேச்சில் இதை நாம் அதிகம் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் புரியும். 'யார் முதலில் வருகிறாரோ அவருக்குத்தான் இடம்', 'எங்கே விட்டாயோ அங்கேயே தேடு' என்று சொல்கிறோமே, அதே கட்டு. இதில் விழுங்கப்பட்ட உருபு வெளியே வந்துவிடும். பேனாவால், மேசையில், நண்பரோடு என்று எல்லாம் தெரியும். அங்கிருந்து ரஷ்ய மொழிக்கு ஒரு எட்டுதான்.

அதனால் நான் செய்வது இது. ஆங்கிலத் தொடரைப் பார்த்ததும் நேரே ரஷ்ய மொழிக்குப் போவதில்லை, மனசுக்குள் ஒரு 'எந்த... ஓ' வாக்கியம் போட்டுப் பார்ப்பேன். 'தி மேன் ஐ வாஸ் டாக்கிங் டு.' எந்த மனிதரோடு பேசிக்கொண்டிருந்தேனோ. அப்படியானால் 'செலவ்யேக், ஸ் கத்தோரிம் யா கவரீல்'. ஆங்கிலத்தின் 'டு'வைப் பிடித்திருந்தால் நான்காம் வேற்றுமைக்குப் போயிருப்பேன்.

இந்த வழியில் ஒரு பெரிய நன்மை, நான்காம் வேற்றுமையில் தெரியும். 'தி மேன் ஐ கால்டு' என்பதில் மனிதர் ஆங்கிலத்துக்குச் செயப்படுபொருள். அதைப் பார்த்து இரண்டாம் வேற்றுமையில் 'கத்தோரவ' என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் ரஷ்ய மொழியில் ஒருவரை போன் செய்ய முடியாது, ஒருவருக்குத்தான் போன் செய்ய முடியும். நமக்கும் அப்படித்தானே? எந்த மனிதருக்குப் போன் செய்தேனோ. 'செலவ்யேக், கத்தோரமு யா ஸ்வனீல்.' உதவி செய்வதும் அதே கதைதான். ஆங்கிலம் ஆட்களை உதவுகிறது, நாமும் ரஷ்யர்களும் ஆட்களுக்கு உதவுகிறோம்.

இன்னும் அழகானது 'பிடிக்கும்' என்ற வினை. 'தி சாங் ஐ லைக்.' ஆங்கிலத்தில் நான்தான் எழுவாய், பாட்டு செயப்படுபொருள். இதை அப்படியே கொண்டுபோனால் இரண்டாம் வேற்றுமை வரும், வாக்கியம் உடைந்துபோகும். ரஷ்ய மொழியில் பாட்டுதான் எழுவாய், நான் நான்காம் வேற்றுமை. 'பேஸ்ன்யா, கத்தோரயா ம்னே ந்ராவித்சா.' எந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கிறதோ. ஒவ்வொரு சொல்லும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. 'தி புக் ஐ நீட்' என்பதும் அப்படியே: எந்தப் புத்தகம் எனக்கு வேண்டுமோ, 'க்னீகா, கத்தோரயா ம்னே நுஷ்னா'. 'பீப்பிள் ஹூ ஹேவ் டயாபடீஸ்' என்று மருந்துச் சீட்டில் வரும்போது 'ஹேவ்' என்ற சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களிடம் எல்லாமே 'உ மென்யா', அதாவது என்னிடம். யாரிடம் சர்க்கரை நோய் இருக்கிறதோ: 'லியூதி, உ கத்தோரிஹ் தியாபேத்'. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் இரண்டு மொழிகள், பிடிப்பதையும் வேண்டுவதையும் ஒரே மாதிரி நினைக்கின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

உயிருள்ளது, உயிரற்றது என்ற பிரிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'நான் பார்த்த வீடு' என்றால் 'தோம், கத்தோரிய் யா வீதெல்'. 'நான் பார்த்த மனிதர்' என்றால் 'கத்தோரவ'. இரண்டும் ஆண்பால், இரண்டும் இரண்டாம் வேற்றுமை, ஆனால் உயிருள்ளதற்கு உருபு மாறுகிறது. தமிழ் பேசுகிறவர்கள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. 'வீடு பார்த்தேன்' என்று உருபில்லாமல் சொல்லலாம், 'மாமா பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம், 'மாமாவைப் பார்த்தேன்' என்போம். கொள்கை ஒன்றுதான். ஆனால் ரஷ்ய மொழியில் நாயும் பூனையும்கூட மனிதர்களோடுதான் சேரும்.

இனி காற்புள்ளி. இதில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு மருந்து நிறுவனத்தின் சேமிப்பு வழிமுறை. அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி. ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த குப்பிகளை அழித்துவிட வேண்டும் என்று பொருள். ஆங்கிலத்தில் காற்புள்ளி இல்லை. அதாவது எல்லாக் குப்பிகளும் அல்ல, வெளியே இருந்தவை மட்டும். காற்புள்ளி இருந்திருந்தால் பொருள் வேறு: குப்பிகள் எல்லாமே வெளியேதான் இருந்தன, எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்தச் சின்னக் கோடு அவ்வளவு பெரிய வேலை பார்க்கிறது.

ரஷ்ய மொழியில் அது நடக்காது. கத்தோரிய் வரும் தொடருக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி கட்டாயம், பொருள் எதுவானாலும் சரி. அதற்கு முன்னால் 'ஸ்', 'க்', 'உ' போன்ற சொல் வந்தால் காற்புள்ளி அதற்கும் முன்னால் நிற்கும். நான் எழுதியது இலக்கணப்படி சரிதான்: 'ஃப்லகோனி, கத்தோரியே ஹ்ரனீலிஸ் வ்னே ஹலதீல்னிகா, ஸ்லேதுயெத் உனிச்தோஷித்.' திருத்துவதற்குப் போன இடத்தில் ஒரு மூத்த ரஷ்யப் பெண்மணி இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். எல்லாக் குப்பிகளையுமா?

நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலம் காற்புள்ளி போடாமல் சொன்ன 'மட்டும்' என் வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. அவர் கேட்காமல் விட்டிருந்தால், எங்கோ ஒரு கிடங்கில் யாரோ ஒருவர் நல்ல மருந்தையும் சேர்த்துக் கொட்டியிருக்கலாம். திருத்தம் ஒரு சொல்தான். முன்னால் 'த்யே'. 'த்யே ஃப்லகோனி, கத்தோரியே...' அதாவது 'எந்தக் குப்பிகள்... அந்தக் குப்பிகள்'. இப்போது சந்தேகமில்லை. நம் 'எந்த... ஓ... அந்த' கட்டில் அந்த 'அந்த' ஏற்கெனவே இருக்கிறது. என் மனசுக்குள் போட்ட வாக்கியத்தில் அது இருந்தது, ரஷ்ய மொழிக்குப் போகும்போது நான்தான் அதை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஆங்கிலத்தில் காற்புள்ளி இல்லாத ஒவ்வொரு 'தட்', 'ஹூ' தொடரையும் ஒரு முறை நின்று பார்க்கிறேன்: எல்லாவற்றையுமா, சிலவற்றை மட்டுமா? மருந்து, இயந்திரம், பணம் சம்பந்தப்பட்டது என்றால் இரண்டு முறை.

இன்னொரு வழியும் உண்டு. அதை அந்தப் பெண்மணியே ஓரத்தில் எழுதியிருந்தார். கத்தோரியையே எடுத்துவிட்டு, 'ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்த' என்பதைப் பெயருக்கு முன்னால் கொண்டுவருவது. அப்படி முன்னால் வந்தால் காற்புள்ளியும் கிடையாது. பார்த்ததும் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. நம் பெயரெச்சமேதான்!

ரஷ்யர்கள் அதைப் ப்ரிச்சாஸ்தியே என்பார்கள். 'சித்தாயுஷ்ஷிய் செலவ்யேக்' என்றால் படிக்கிற மனிதன். 'ப்ரச்சீதன்னயா க்னீகா' என்றால் படித்து முடித்த புத்தகம். அலுவல் மொழி முழுவதும் இதனால் ஆனது. மருந்துச் சீட்டில் 'பேஷன்ட்ஸ் ஹூ ஆர் டேக்கிங்' என்று ஆங்கிலம் சொன்னால் ரஷ்ய மொழி 'பத்ஸியேந்தி, ப்ரினிமாயுஷ்ஷியே' என்று முடித்துவிடும். ரஷ்யாவில் எந்த மருந்துப் பெட்டியைத் திருப்பினாலும் ஒரு வரி இருக்கும்: 'ஹ்ரனீத் வ் நெதஸ்தூப்னம் த்லியா தெத்யேய் ம்யேஸ்தே.' அதன் உட்பகுதியைப் பிரித்துப் பாருங்கள். நெதஸ்தூப்னம் என்றால் எட்டாத. த்லியா தெத்யேய் என்றால் குழந்தைகளுக்கு. ம்யேஸ்தே என்றால் இடத்தில். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில். நம் ஊர் மாத்திரை அட்டையில் இருக்கும் அதே வரி. ஆங்கிலத்தில் இதே செய்திக்கு 'இடம்' என்ற சொல்லும் இல்லை, 'எட்டாத' என்ற எச்சமும் இல்லை, 'அவுட் ஆஃப் தி ரீச் ஆஃப் சில்ட்ரன்' என்று வேறு பாதையில் போகிறது. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டிருந்தால் இந்த வரி கிடைக்கவே கிடைக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெயரெச்சம் நமக்கு இயல்பாக வருகிறது என்பதற்காக ரஷ்ய மொழியில் எல்லா இடத்திலும் அதைப் போட்டுவிடக் கூடாது. நான் சில ஆண்டுகள் அப்படிச் செய்தேன். தமிழில் பெயரெச்சம் சமையலறையிலும் வரும், சட்டத்திலும் வரும். 'நேத்து வாங்கின கத்தரிக்காய்' என்று பாட்டியும் சொல்வார், 'மேற்படி விதிக்கப்பட்ட அபராதம்' என்று அரசாணையும் சொல்லும். ரஷ்ய மொழியில் 'சித்தாயுஷ்ஷிய்' போன்ற வடிவங்கள் ரஷ்யத் தேவாலயங்களின் பழைய வழிபாட்டு மொழியான தேவாலய ஸ்லாவிய மொழியிலிருந்து வந்தவை. அவற்றில் இன்னும் ஏட்டு வாசனை இருக்கிறது. ரஷ்ய அறிஞர் மிகயீல் லமனோசவ் 1755-இல் எழுதிய இலக்கணத்திலேயே, பாமர வழக்கு வினைகளில் இப்படிப்பட்ட எச்சங்களை உருவாக்கக் கூடாது என்று வரையறுத்தார். மக்களின் சொந்த வடிவம் 'ச்' ஒலியோடு இருந்தது, அது காலப்போக்கில் வெறும் பெயரடையாக நின்றுவிட்டது. 'கர்யாச்சிய்' என்றால் சூடான, தேநீருக்குச் சொல்வது. 'கர்யாஷ்ஷிய்' என்றால் எரிந்துகொண்டிருக்கிற, வீட்டுக்கோ காட்டுக்கோ சொல்வது. ஒரே வேர், ஒன்று அடுப்படியில், இன்னொன்று செய்தித்தாளில்.

இந்த வேறுபாட்டை ஒரே கருத்தில் காட்டும் ஒரு ஜோடி வாக்கியம் இருக்கிறது. உழைக்காதவன் உண்ணலாகாது என்ற கருத்து. 1918-இல் வந்த சோவியத் ரஷ்ய அரசியல் சட்டம் அதைப் பெயரெச்சத்தில் சொன்னது: 'நெ த்ருத்யாஷ்ஷிய்ஸ்யா, தா நெ யேஸ்த்.' உழைக்காதவன் உண்ணாதிருப்பானாக. கோயில் மணி அடித்த மாதிரி ஒரு கம்பீரம். 1936-இல் வந்த சட்டம் அதையே 'க்தோ நெ ரபோதயெத், தோத் நெ யேஸ்த்' என்று மாற்றிச் சொன்னது. யார் உழைக்கவில்லையோ அவர் உண்பதில்லை. நம் 'யார்... ஓ... அவர்' அப்படியே. இது பழமொழியின் குரல், தெருவில் நின்று சொல்லலாம். மொழிபெயர்க்கும்போது இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இலக்கணம் முடிவு செய்யாது, பேசுகிறவர் யார் என்பதுதான் முடிவு செய்யும். மருந்துச் சீட்டு பேசினால் எச்சம். நோயாளி பேசினால் கத்தோரிய்.

எச்சத்துக்கு வேறு வரம்பும் உண்டு. எதிர்கால எச்சம் கிடையாது. 'நாளை வரும் விருந்தாளி' என்பதை ரஷ்ய மொழியில் 'கோஸ்த், கத்தோரிய் ப்ரித்யோத் ஸாஃப்த்ரா' என்றுதான் சொல்ல முடியும். 'எழுதிய பேனா', 'எழுதிய மேசை' இரண்டும் எச்சத்தில் அடங்காது. எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் மட்டுமே அவர்களின் எச்சம் உதவும். தொல்காப்பியத்தின் ஆறில் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

கத்தோரிய் வரவே கூடாத இடங்களும் இருக்கின்றன. 'எவ்ரிதிங் தட் ஐ நோ' என்றால் 'வ்ஸ்யோ, ஷ்தோ யா ஸ்னாயு'. 'எவ்ரிஒன் ஹூ' என்றால் 'வ்ஸே, க்தோ'. பெயர் இல்லாமல் எல்லாம், எல்லாரும், அது, அவர் என்று பொதுவாக நின்றால் ஷ்தோ (எது), க்தோ (யார்) போதும். 'அவர் தாமதமாக வந்தார், விட்ச் சர்ப்ரைஸ்டு மீ' என்று முழு வாக்கியத்தையும் சுட்டும்போதும் ஷ்தோதான். 'விட்ச் இஸ் வொய்' வந்தால் யோசிக்கவே வேண்டாம், நாம் 'அதனால்' என்று சொல்வது போல அவர்கள் 'பஏத்தமு' என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். 'வாட்எவர் ஹேப்பன்ஸ்' என்பது 'ஷ்தோ பி நி ஸ்லுசீலஸ்', எது நடந்தாலும். இதில் வரும் 'நி' எதிர்மறை மாதிரி தோன்றும், ஆனால் எதிர்மறை இல்லை. அது நம் 'ஆலும்'. அங்கே 'நெ' எழுதினால் பொருள் தலைகீழாகும் என்பதால் இதை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

'ஹூஸ்' என்ற சொல்லுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நம் பேச்சில் 'அன்னைக்குக் கல்யாணத்துக்குப் போனோமே, அந்த நண்பர்' என்று சொல்லிவிடுவோம். யாருடைய கல்யாணம், அவருடையதா, மகளுடையதா என்று எதுவும் சொல்வதில்லை. கேட்பவருக்கு ஞாபகம் வந்துவிட்டால் போதும். ஆங்கிலம் 'ஹூஸ் டாட்டர்ஸ் வெட்டிங்' என்று கேட்கும். ரஷ்ய மொழியில் 'த்ரூக், நா ஸ்வாத்பு தோசெரி கத்தோரவ மி யேஸ்திலி'. இதைப் பிரித்தால்: நண்பர், கல்யாணத்துக்கு, மகளுடைய, எவருடைய, நாங்கள் போனோம். தமிழில் 'எவருடைய மகளுடைய கல்யாணத்துக்கு' என்று வரும் மூன்று சொற்களும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கின்றன. இந்தக் கத்தோரவ நண்பரின் பாலைத்தான் ஏற்கும், மகளின் பாலை அல்ல. மகள் பெண்ணாயிற்றே என்று 'கத்தோரய்' எழுதினால் அந்த நண்பரே பெண்ணாகிவிடுவார். 'செய்' என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது, நம் 'செய்' போலவே ஒலிக்கும், யாருடைய என்று பொருள். அது உடைமைப் பொருளின் பாலை ஏற்கும். புத்தக நடையில் அது நன்றாக இருக்கும். நான் கத்தோரவ பக்கம்தான் அதிகம் சாய்வேன்.

எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறாள். இரண்டு மாதமாக மாலையில் என்னிடம் வந்து உட்காருகிறாள். அங்கே முதல் ஆண்டுகளில் பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் வார்டில் நோயாளிகள் ரஷ்ய மொழியில்தான் பேசுவார்கள். அதனால் அவளுக்கு மருந்துச் சீட்டின் மொழியும் வேண்டும், நோயாளியின் மொழியும் வேண்டும். 'தி டேப்லட்ஸ் ஐ வாஸ் ப்ரிஸ்க்ரைப்டு' என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். எந்த மாத்திரைகளை எனக்கு எழுதிக் கொடுத்தார்களோ, என்றேன். அவளே முடித்தாள்: 'தப்லேத்கி, கத்தோரியே ம்னே வீபிசலி.' எழுதிக் கொடுத்தது யார் என்று ரஷ்ய மொழியும் சொல்வதில்லை, 'கொடுத்தார்கள்' என்ற பன்மை வினை மட்டும் நிற்கிறது. தமிழிலும் அப்படித்தான். அவள் முகம் மலர்ந்தது.

நேற்று அவளே ஒரு வாக்கியம் கொண்டுவந்தாள். 'நான் பயப்படுகிற ஊசி.' எந்த ஊசிக்குப் பயப்படுகிறேனோ என்று சரியாகப் போட்டு, 'உகோல், கத்தோரமு யா பயூஸ்' என்று நோட்டில் எழுதியிருந்தாள். அது தவறு. பயத்துக்கு ரஷ்ய மொழியில் நான்காம் வேற்றுமை வராது, அவர்கள் வரிசையில் இரண்டாவதான, நம் 'உடைய' போன்ற வேற்றுமைதான் வரும்: 'கத்தோரவ யா பயூஸ்'. "அக்கா, நீங்க சொன்ன வழி இங்க வேலை செய்யலையே?" என்று கேட்டாள்.

உண்மைதான். 'நன்றி சொல்வது' என்பதிலும் இப்படி ஆகும். நாம் ஒருவருக்கு நன்றி சொல்வோம், அவர்களின் வினையோ ஒருவரை எடுத்துக்கொள்ளும். அந்த வினைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பயம் வேறு. ரஷ்ய மொழியின் அந்த இரண்டாவது வேற்றுமைக்குள் 'இலிருந்து' என்று பொருள்படும் ஒரு பழைய நீங்கல் வேற்றுமை கரைந்து கிடக்கிறது. பயம் என்பது ஒன்றிலிருந்து விலகுவது. பழந்தமிழிலும் அப்படித்தான் இருந்தது. தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமைக்குப் பொருள்களை அடுக்கும்போது அச்சத்தையும் சேர்த்துச் சொல்கிறது. உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு 'கள்ளரின் அஞ்சும்'. கள்ளருக்கு அஞ்சுவது இல்லை, கள்ளரின் அஞ்சுவது.

இதைச் சொன்னதும் அவள் நோட்டை இழுத்து, 'கத்தோரமு'வை அடித்துவிட்டு 'கத்தோரவ' என்று எழுதினாள். அதன் கீழே 'யா பயூஸ் உகோலா' என்றும், பக்கத்தில் தமிழில் 'ஊசியின் அஞ்சுகிறேன்' என்றும் எழுதிக்கொண்டாள்.